எதிரணி நோக்கி அணி வகுத்தல்: கூடைப்பந்தாட்டமும் வலைப்பந்தாட்டமும் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

ஆடுகளத்தில் இறங்கும் ஐவரையோ எழுவரையோ தெரிந்தெடுப்பதும், ஆட்டத்தின் இடையிடையே ஒருவரை அமர்த்தி மற்றொருவரை எழுப்புவதும் பயிற்றுநரது கூர்மதியின்பாற்பட்டவை என்பதே பொதுவான எண்ணமாகும். வென்ற அணியின் பயிற்றுநர் புகழப்படுவதும் தோற்ற அணியின் பயிற்றுநர் இகழப்படுவதும் இவ்வெண்ணத்தின் வழிப்பட்டனவே. ஆயின், வரலாற்று நோக்கில் இதனை ஆராயுமிடத்து வேறொரு செய்தி புலனாகின்றது. எதிரணிக்கேற்பத் தன் அணியை வகுக்கும் உரிமை தொடக்கத்திலிருந்தே பயிற்றுநரிடம் இருந்ததன்று. அவ்வுரிமை விதிகளால் சிறிது சிறிதாக அளிக்கப்பட்டது. சில ஆட்டங்களில் இன்றளவும் முழுமையாக அளிக்கப்படவில்லை. கூடைப்பந்தாட்டத்தையும் அதன் உடன்பிறப்பாகிய வலைப்பந்தாட்டத்தையும் அருகருகே வைத்து நோக்கின் இவ்வுண்மை தெளிவுறும். பின்னையதன் வரலாற்றில் கண்டி நகருக்கும், பொதுவாக இலங்கைக்கும், நம்மிற் பலர் அறியாத ஓர் இடமுண்டு. ஆதலின் வத்தேகமையைச் சூழ்ந்த மலைநாட்டுப் பாடசாலைகளையும் மனங்கொண்டு இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

மாற்றான் நிலை நோக்கித் தன் நிலை வகுத்தல் என்னும் கருத்து தமிழர்க்குப் புதியதன்று. வலியறிதல், காலமறிதல், இடனறிதல் ஆகியவற்றை வள்ளுவர் அடுத்தடுத்த மூன்று அதிகாரங்களாக வைத்துள்ளார். ஆளறிந்து பணியை ஒப்படைத்தல் பற்றித் தெரிந்துவினையாடல் எனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். புறப்பொருள் வெண்பாமாலையோ புறத்திணைகளையே இணையிணையாக எதிர்நிறுத்துகின்றது. வெட்சிக்குக் கரந்தை, வஞ்சிக்குக் காஞ்சி, உழிஞைக்கு நொச்சி என ஒருவன் சூடும் பூ மற்றவன் சூடிய பூவை நோக்கி அமைகின்றது. தொல்காப்பியர் கரந்தையை வெட்சியுள்ளும் நொச்சியை உழிஞையுள்ளும் அடக்கிக் கூறினார் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. எனினும் போருக்கும் ஆட்டத்துக்குமிடையே அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. போரில் எத்துணைப் பேரை எப்போது களத்துக்கு அனுப்புவது என்பதனை மன்னனே முடிவுசெய்தான். ஆட்டத்தில் அதனை விதிநூல் முடிவுசெய்கின்றது. ஆதலின் இவ்வொப்புமையை ஓரளவுக்கு மேல் நீட்டுதல் பொருந்தாது.

1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்ட் நகரிலமைந்த கிறித்தவ இளைஞர் சங்கப் பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பார் கூடைப்பந்தாட்டத்தை வகுத்தார். அவர் பதின்மூன்று விதிகளையே எழுதினார். வகுப்பில் பதினெண்மர் இருந்தமையால் பக்கத்துக்கு ஒன்பதின்மராக ஆடினர். அணியின் அளவு ஆட்டத்தின் தேவையிலிருந்து பிறவாது வகுப்பறையின் எண்ணிக்கையிலிருந்து பிறந்தது என்பது சுவையானதொரு செய்தி. ஐவர் என்னும் எண் 1897ஆம் ஆண்டளவிலேயே நிலைபெற்றது. அச்சங்கத்தின் கிளைகள் சென்றவிடமெல்லாம் ஆட்டமும் சென்றது. தமிழ்நாட்டில் ஹரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1920ஆம் ஆண்டு சென்னையில் நிறுவிய கிறித்தவ இளைஞர் சங்க உடற்கல்விக் கல்லூரி, அவ்வாட்டத்தைத் தென்னிந்தியப் பாடசாலைகளில் வேரூன்றச் செய்த பயிற்றுநர்களை உருவாக்கிற்று.

தொடக்ககால ஆட்டத்தில் ஆளை மாற்றுதல் என்பது ஆளை இழத்தலாகவே இருந்தது. களத்தைவிட்டு வெளியேறியவர் மீண்டும் அவ்வாட்டத்தில் புகுதல் இயலாது. அமெரிக்கக் கல்லூரி ஆட்ட விதிகளை எடுத்துக்கொண்டால், 1920-21 பருவத்திலேயே வெளியேறியவர் ஒருமுறை மீள நுழைய இடமளிக்கப்பட்டது. 1933-34 பருவத்தில் அது இருமுறையாயிற்று. 1944-45 பருவத்திலேதான் எத்துணை முறையும் மாற்றலாம் என்னும் நிலை வந்தது. இதன் பொருளை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். ஒருமுறை வெளியேறினால் திரும்ப முடியாது என்னும் விதி நிலவும் காலத்தில், எதிரணியின் நெட்டையருக்கெதிராக ஒருவரையும் விரைந்தோடுவோருக்கெதிராக மற்றொருவரையும் மாறிமாறி இறக்குதல் என்ற எண்ணமே தோன்ற இடமில்லை. எல்லாவற்றையும் ஓரளவு செய்யவல்ல ஐவரே தேவைப்பட்டனர். தனித்திறனாளர்க்கு இடமுண்டானது மீள்நுழைவு விதி தளர்ந்த பின்னரே. சுழற்சிமுறை என இன்று நாம் வழங்குவது மதியூகத்தின் வளர்ச்சியன்று, விதியின் தளர்ச்சியே எனக் கூறின் அது பெரிதும் மிகையாகாது.

பயிற்றுநரின் வாய்க்கும் இவ்வாறே பூட்டிடப்பட்டிருந்தது. ஆட்டம் நடைபெறும்போது அணியைச் சார்ந்த எவரும் ஆட்டக்காரர்க்கு அறிவுரை கூறலாகாது என 1910ஆம் ஆண்டளவில் அமெரிக்கக் கல்லூரி விதிகள் தடைசெய்தன. ஆட்டத்தை இடைநிறுத்திக் கோரும் ஓய்வு நேரத்திற்கூடப் பயிற்றுநர் தம் வீரருடன் பேசும் உரிமை 1948-49 பருவத்திலேதான் கிட்டிற்று. ஆட்டம் ஆடுவோருக்குரியது, கற்பித்தல் அதற்கு முன்னரே முடிந்திருத்தல் வேண்டும் என்னும் பழைய கல்விக் கொள்கையொன்று இத்தடையினடியில் இருந்தது. அக்கொள்கையை இன்று நகைத்து ஒதுக்குதல் எளிது. ஆயினும், பாடசாலை ஆட்டங்களில் கோட்டுக்கு வெளியே நின்று ஓயாது கூவும் ஆசிரியர்களைக் கண்டோர், அதில் ஒரு நியாயம் இருந்ததென்பதை மறுக்கமாட்டார்.

ஆளை மாற்றும் உரிமை கிடைத்த பின்னர் எதிரணி நோக்கிய சிந்தனை பெருகிற்று. அதனை உச்சத்துக்குக் கொணர்ந்தவர் மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணியின் ஜோர்ஜ் மைக்கன். அவர் 208 சென்ரிமீற்றர் உயரமானவர். அவரையும் பொப் கேர்லண்ட் என்பாரையும் போன்ற நெட்டையர் வளையத்தை நோக்கி இறங்கும் பந்தைத் தட்டிவிட்டமையால், 1944-45 பருவத்தில் அச்செயல் விதியால் தடுக்கப்பட்டது. வளையத்தின்கீழ் மைக்கன் நிலைகொள்வதைத் தவிர்க்கும்பொருட்டு, 1951ஆம் ஆண்டு தொழில்முறைச் சங்கம் அங்கிருந்த தடைப்பாதையின் அகலத்தை ஆறு அடியிலிருந்து பன்னிரண்டு அடியாக்கிற்று. அதற்கு முந்திய ஆண்டு, 1950 நவம்பர் 22ஆந் திகதி, போர்ட் வெயின் பிஸ்ரன்ஸ் அணி வேறொரு வழியை நாடிற்று. அவ்வணியினர் பந்தைப் பெற்றபின் எறிய முயலாது கையிலேயே வைத்திருந்தனர். மைக்கனிடம் பந்து செல்லாதவாறு தடுக்கும் வழி அஃதொன்றே என அவர்கள் கண்டனர். ஆட்டம் 19க்கு 18 என முடிந்தது. லேக்கர்ஸ் பெற்ற 18 புள்ளிகளில் 15 மைக்கனுடையவை. தந்திரம் வென்றது, காண்போர் சலித்தனர். இவ்வகை ஆட்டங்களின் விளைவாக 1954ஆம் ஆண்டு இருபத்துநான்கு விநாடி வரம்பு புகுத்தப்பட்டது. சிரகியூஸ் அணியின் உரிமையாளர் டனி பையசோன் கண்ட கணக்கு மிக எளியது: ஆட்டத்தின் நாற்பத்தெட்டு நிமிடத்துக்கு 2880 விநாடி, நல்ல ஆட்டமொன்றில் இரு அணியும் சேர்ந்து ஏறத்தாழ 120 தடவை எறிகின்றன, ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 24.

இவ்வரம்பு வந்ததும் ஓட்டம் மிகுந்தது, களைப்பும் மிகுந்தது. ஆகவே மாற்றாளரின் மதிப்பு உயர்ந்தது. பொஸ்ரன் செல்ரிக்ஸ் அணியின் பயிற்றுநர் ரெட் ஓவர்பாக், தம் சிறந்த வீரருள் ஒருவரைத் தொடக்கத்தில் இறக்காது வைத்திருந்து, எதிரணியின் முதல் ஐவர் களைக்கும் வேளையில் இறக்கும் வழக்கத்தை நிலைநாட்டினார். பிராங் ராம்சியும் அவருக்குப்பின் ஜோன் ஹவ்லிசெக்கும் அவ்விடத்தை வகித்தனர். ஆறாவது ஆள் என்பது தாழ்வன்று, ஒரு பதவி என்றாயிற்று.

எதிரணிக்கேற்ப முதல் ஐவரையே மாற்றியமைத்தமைக்குத் தெளிவான சான்று 2015ஆம் ஆண்டு நடைபெற்ற அமெரிக்கத் தொழில்முறை இறுதித் தொடராகும். ஏழு ஆட்டங்கொண்ட அத்தொடரில் கிளீவ்லண்ட் அணி 2-1 என முன்னணியிலிருந்தது. நான்காவது ஆட்டத்தில் கோல்டன் ஸ்ரேற் அணியின் பயிற்றுநர் ஸ்ரீவ் கேர், 213 சென்ரிமீற்றர் உயரமான நடுவர்நிலை வீரர் அன்ட்ரூ போகட்டை அமர்த்தி, 198 சென்ரிமீற்றர் உயரமான அன்ட்ரே இகுவோடாலாவைத் தொடக்க ஐவருள் இறக்கினார். இகுவோடாலா அப்பருவத்தின் வழமையான ஆட்டம் ஒன்றிலேனும் தொடக்கத்தில் இறங்கியவரல்லர். உயரத்தைக் கைவிட்டு வேகத்தைப் பெற்ற இம்மாற்றத்தால் கிளீவ்லண்டின் நெட்டையரான மோஸ்கொவ் அவ்வாட்டத்தில் 28 புள்ளிகளைக் குவித்தார். எனினும் ஆட்டம் 103க்கு 82 எனக் கோல்டன் ஸ்ரேற்றுக்கே உரியதாயிற்று. ஐந்தாவது ஆட்டத்தில் கிளீவ்லண்ட் பயிற்றுநர் மோஸ்கொவை ஏறத்தாழ ஒன்பது நிமிடமே ஆடவிட்டார். இங்கு நுணுகி நோக்கவேண்டியது பின்னைய செயலே. 28 புள்ளி பெற்ற ஒருவரை எதிரணி தானாகவே அமர்த்தும்படி செய்ததில்தான் முன்னைய மாற்றத்தின் முழுப்பயனும் அடங்கியிருந்தது. எதிரணியை நோக்கித் தன்னை மாற்றுதல் ஒரு படி. எதிரணி தன்னை நோக்கி மாறும்படி செய்தல் அதனினும் உயர்ந்த படி. தொடர் 4-2 எனக் கோல்டன் ஸ்ரேற் வசமாயிற்று. இறுதித் தொடரின் சிறந்த வீரராக இகுவோடாலா தெரிவுசெய்யப்பட்டார்.

இனி, இவ்வாட்டத்தின் மற்றைக் கிளையை நோக்குவோம். நெய்ஸ்மித்தின் ஆட்டம் தோன்றிய சில மாதங்களுள்ளேயே சிமித் மகளிர் கல்லூரியில் செண்டா பெரென்சன் அதனைப் பெண்களுக்கு அறிமுகஞ் செய்தார். பெண்கள் அளவுக்கு மீறி ஓடுதல் உடலுக்கும் நாகரிகத்துக்கும் ஒவ்வாது என அக்காலம் கருதியமையால், அவர் களத்தை மூன்று பகுதியாக்கி, ஒவ்வொருவரும் தத்தம் பகுதியைவிட்டு நீங்கலாகாது என விதித்தார். நியூ ஓர்லியன்ஸ் நகரின் கிளாரா பேர் என்பாரும் 1895ஆம் ஆண்டில் இத்தகைய விதிகளை வெளியிட்டார். நெய்ஸ்மித் அனுப்பிய வரைபடத்தில் வீரர் நிற்கும் இடங்களைக் காட்டிய கோடுகளை, அவர்கள் கடக்கலாகாத எல்லைகள் என அவர் பொருள்கொண்டார் என்பர். இதே காலப்பகுதியில் இங்கிலாந்தில் மார்ட்டினா பேர்க்மன் ஓஸ்ரர்பேர்க் அம்மையார் நடத்திய மகளிர் உடற்பயிற்சிக் கல்லூரியிலும் ஆட்டம் நுழைந்தது. அங்கே கூடை வளையமாயிற்று. வளையத்தில் வலை தொங்கிற்று. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுதல் விலக்கப்பட்டது. 1901ஆம் ஆண்டு விதிகள் அச்சேறின. வலைப்பந்தாட்டம் தனி ஆட்டமாயிற்று. அமெரிக்காவில் பகுதிப்பிரிப்பு மெல்ல மறைந்தபோதிலும், அயோவா மாநிலத்துப் பாடசாலைகளில் அறுவர் கொண்ட மகளிர் கூடைப்பந்தாட்டம் 1993ஆம் ஆண்டுவரை நீடித்தது. பிரித்தானியப் பேரரசின் பகுதிகளிலோ வலைப்பந்தாட்டமே மகளிர் பாடசாலைகளின் ஆட்டமாக நிலைத்தது.

அப்பேரரசின் வழியாகவே அது கண்டிக்கு வந்தது. 1920களில் பெண் சாரணியர் இயக்கத்தின் துணையுடன் கண்டி மகளிர் உயர்தரப் பாடசாலையில் ஆட்டம் கற்பிக்கப்பட்டது. இலங்கையில் நிகழ்ந்த முதலாவது வலைப்பந்தாட்டப் போட்டி 1927ஆம் ஆண்டு அப்பாடசாலை மாணவியருக்கும் சாரணியருக்குமிடையே நடைபெற்றதாக இவ்வாட்டத்தின் வரலாறு குறிக்கின்றது. அப்பாடசாலை மெதடிஸ்த மிசனால் 1879ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. அதற்கு மறு ஆண்டே கண்டியிலிருந்து வத்தேகமை வழியாக மாத்தளைக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. கண்டிக்கும் வத்தேகமைக்குமிடையே பத்து மைலுக்கும் குறைந்த தொலைவே உள்ளது. தோட்டங்களின் விளைபொருளைச் சுமந்து சென்ற அப்பாதை, நகரத்து மகளிர் கல்லூரியின் ஆட்டத்தை வத்தேகமைக்கும் பன்விலைக்கும் மடுல்கலைக்கும் சுமந்துவர நெடுங்காலம் எடுத்தது. லயக்காம்பராக்களில் வளர்ந்த சிறுமி கொழுந்துக்கூடையை அறிந்தாள். மற்றைக் கூடையை அவள் அறிய வாய்ப்பிருக்கவில்லை. தோட்டப் பாடசாலைகள் அரசின் பொறுப்பில் வரத்தொடங்கியதே 1970களின் பிற்பகுதியில்தான் என்பதனை நினைவிற்கொண்டால் இத்தாமதம் வியப்பளிக்காது.

1960ஆம் ஆண்டில் இலங்கை இவ்வாட்டத்தின் உலக வரலாற்றில் நிலையான இடத்தைப் பெற்றது. அதுவரை நாட்டுக்கு நாடு விதிகள் வேறுபட்டன; ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் ஆட்டத்தின் பெயரே மகளிர் கூடைப்பந்தாட்டம் என்பதாகவே இருந்தது; நியூசிலாந்தில் அணிக்கு ஒன்பதின்மர் ஆடும் வழக்கமும் இருந்தது. 1960ஆம் ஆண்டு கொழும்பில் கூடிய பிரதிநிதிகள் சர்வதேசச் சம்மேளனத்தை நிறுவி, எழுவர் ஆடும் ஆட்டத்துக்குப் பொதுவிதிகளை இணங்கினர். மூன்றாண்டுகளின் பின், 1963இல் இங்கிலாந்தின் ஈஸ்ற்போர்ண் நகரில் நடைபெற்ற முதலாவது உலகப்போட்டியில் கலந்துகொண்ட பதினொரு அணிகளுள் இலங்கை அணியும் ஒன்று. அதற்கு மறு ஆண்டு, 1964 ஒக்டோபரில், சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. மலையகத் தோட்டத் தொழிலாளரில் எத்துணைப் பேர் இந்நாட்டவர், எத்துணைப் பேர் கடல்கடந்து செல்லவேண்டியவர் என இரு தலைநகரங்கள் எண்ணிப் பிரித்த காலம் அது. நாட்டின் பெயரால் ஓர் அணி ஆடுகையில் அவ்வணியில் யார் இடம்பெறத்தக்கவர் என்னும் வினாவை, ஆட்டக்களத்தின் எல்லைக்குள் மட்டும் நின்று விடுவித்தல் இயலாது.

பொதுவிதிகளின்படி அமைந்த ஆட்டத்தில் எதிரணி நோக்கி அணி வகுத்தல் எவ்வாறு அமையும்? வலைப்பந்தாட்டத்தில் எழுவருள் ஒவ்வொருவருக்கும் ஓர் இடமும், அவ்விடத்தைக் குறிக்கும் எழுத்து பொறித்த மேலாடையும், நடமாடக்கூடிய எல்லையும் உண்டு. களம் 30.5 மீற்றர் நீளமும் 15.25 மீற்றர் அகலமும் உடையது. மூன்று சமபகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. கோல் எய்பவரும் கோல் தாக்குநரும் ஆகிய இருவரே, அதுவும் 4.9 மீற்றர் ஆரைகொண்ட அரைவட்டத்தினுள் நின்றே, வளையத்தை நோக்கி எறியலாம். வளையம் 3.05 மீற்றர் உயரத்தில் உள்ளது, பின்பலகை இல்லை. பந்தை மூன்று விநாடிக்குமேல் வைத்திருத்தலாகாது. காப்பவர் எறிபவரிடமிருந்து 0.9 மீற்றர் விலகி நிற்றல் வேண்டும். மாற்றாளரைப் பொறுத்தவரையில், காயமோ சுகவீனமோ ஏற்பட்டாலன்றி மாற்றுதல் கூடாது என்னும் பழைய மரபு நெடுங்காலம் பேணப்பட்டது. பின்னர் அது தளர்த்தப்பட்டு, கால்பகுதிகளுக்கிடையேயான இடைவேளைகளில் விரும்பியவாறு மாற்ற இடமளிக்கப்பட்டது. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கையில் கூடைப்பந்தாட்டத்திற்போல ஆளை மாற்றிக்கொண்டேயிருக்கும் வசதி பொதுவிதியில் இல்லை. ஆகவே பதினைந்து நிமிடம் கொண்ட ஒவ்வொரு காற்பகுதியும் பயிற்றுநருக்கு ஒரு பூட்டிய பெட்டியாகும். அதனுள் இட்டதை மணி ஒலிக்கும்வரை எடுக்க இயலாது. காயம் நேர்ந்து ஆட்டம் நிற்பதொன்றே விதிவிலக்கு.

இவ்விதிகளின் பின்னணியிலேயே தர்ஜினி சிவலிங்கத்தின் இடத்தை மதிப்பிடுதல் வேண்டும். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இவர் 208 சென்ரிமீற்றர் உயரமானவர். மைக்கனின் உயரமும் அதுவே. கோல் எய்பவராக இலங்கை அணியில் நெடுங்காலம் ஆடிய இவர், 2019ஆம் ஆண்டு லிவர்பூல் நகரில் நடைபெற்ற உலகக்கிண்ணப் போட்டியில் 300க்கும் மேற்பட்ட கோல்களை எய்து, அனைத்து அணியினருள்ளும் முதலிடம் பெற்றார். அப்போட்டியில் பதினாறு அணிகளுள் இலங்கை அடைந்த இடம் பதினைந்தாவது. இவ்விரு செய்திகளையும் ஒருங்கே வைத்து நோக்குவார்க்கு எழும் வியப்பு இயல்பானது. உலகில் மிகுதியான கோல் எய்தவரைக் கொண்ட அணி ஏன் கடைக்கு அருகில் நின்றது?

விடை ஆட்டத்தின் அமைப்பிலேயே உள்ளது. 0.9 மீற்றர் விலகி நிற்கும் காப்பாளர், தம்மினும் மிக உயர்ந்த ஒருவர் தலைக்குமேல் பந்தைப் பிடித்து எறிவதை எட்டித் தடுத்தல் அரிது. எனவே எதிரணி தடுக்கவேண்டியது எறிதலையன்று. பந்து அவரை வந்தடைதலையே. அதாவது, இலங்கையின் கோல் எய்பவருக்கெதிராக எதிரணி வகுக்கவேண்டிய வியூகம் வளையத்தினடியில் தொடங்குவதில்லை. நடுக்களத்தில் பந்தை ஊட்டும் மத்திய வீராங்கனைமீதும் பக்கத் தாக்குநர்மீதுமே தொடங்குகின்றது. வலிய நடுக்களமுடைய அணிகள் இதனைச் செய்ய வல்லன. அத்துடன், எய்த கோலுக்கு ஈடாக மறுமுனையில் இழக்கும் கோல்களும் எண்ணப்பட வேண்டியவை. தம் பகுதியைவிட்டு நீங்கவியலாத கோல் எய்பவர் மறுமுனைக்கு உதவியாக வருதற்கு விதி இடந்தராது. ஒரு நெட்டையரைச் சுற்றி அணியை வகுக்கும் பயிற்றுநர் தம் சிந்தனையைச் செலுத்தவேண்டியது, அந்நெட்டையர் நீங்கலான அறுவர்மீதே ஆகும்.

ஆயினும், வரலாற்றாசிரியன் இங்கு வேறொன்றையும் காண்கின்றான். கூடைப்பந்தாட்டத்தில் மைக்கனது உயரம் அச்சத்தை விளைத்தது. அதனைக் கட்டுப்படுத்தப் பாதை அகலமாக்கப்பட்டது, பந்தைத் தட்டுதல் தடுக்கப்பட்டது. அவர் களமெங்கும் ஓடவும் வேண்டியிருந்தது. வலைப்பந்தாட்டத்திலோ, பெண்கள் மிகுதியாக ஓடலாகாது எனும் பழங்கால எண்ணத்தால் இடப்பட்ட எல்லைக்கோடே, தனித்திறனுடைய நெட்டையர்க்கு அரணாயிற்று. தம் மூன்றிலொரு பகுதியுள் நிற்பதே அவரது கடமையாதலின், நீண்ட ஓட்டத்தால் களைத்து அமரவேண்டிய தேவை அவருக்குக் குறைந்தது. பல ஆண்டுகள் நீடித்து ஆடவும் அது துணைபுரிந்தது. பெண்களை மெலியர் எனக் கருதி விதித்த ஒரு கட்டுப்பாடு, நூறாண்டு கழிந்து, ஒரு தமிழ்ப்பெண்ணின் தனிவலிமைக்குக் களம் அமைத்துக் கொடுத்தமை விதிகளின் வரலாற்றில் அடிக்கடி காணக்கிடைக்காத நிகழ்ச்சியாகும்.

ஆசிய அணிகளுக்கெதிராக இவ்வமைப்பு பெரும்பயன் அளித்தது. 2009ஆம் ஆண்டு ஆசிய இறுதியாட்டத்தில் இலங்கை சிங்கப்பூரை வென்றது. இடையே 2012, 2014 ஆகிய ஆண்டுகளில் சிங்கப்பூரும் 2016இல் மலேசியாவும் கிண்ணத்தைப் பெற்றன. 2018இல் சிங்கப்பூர் மண்ணிலேயே சிங்கப்பூரை 69க்கு 50 என வென்று இலங்கை மீண்டது. 2022 செப்ரெம்பர் 11ஆந் திகதி மீண்டும் அதே நகரில், அதே எதிரணியை 63க்கு 53 என வென்றது. அன்றைய தினமே இலங்கைத் துடுப்பாட்ட அணியும் துபாயில் ஆசியக் கிண்ணத்தை வென்றமையால், எரிபொருள் வரிசைகளிலும் விலையேற்றத்திலும் நொந்திருந்த நாடு ஒரே நாளில் இருமுறை மகிழ்ந்தது. துடுப்பாட்ட வெற்றியே பெரிதாகப் பேசப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

துடுப்பாட்டத்தைக் குறிப்பிட்டமையால், மாற்றாளரே இல்லாத ஆட்டத்தில் எதிரணி நோக்கி வகுத்தல் எங்ஙனம் என்பதையும் சுருங்கக் கூறலாம். கண்டியைச் சேர்ந்தவரும் கட்டுகாஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரி மாணவருமான முத்தையா முரளிதரன், 1998 ஓகஸ்ற் மாதம் இலண்டன் ஓவல் களத்தில் 16 விக்கெற்றுக்களை வீழ்த்தினார். இரண்டாவது இனிங்சில் மட்டும் 65 ஓட்டங்களுக்கு 9. நாணயச் சுழற்சியில் வென்ற தலைவர் அர்ஜுன ரணதுங்க, காண்போர் வியக்கும்படி இங்கிலாந்தை முதலில் ஆடப் பணித்தார். முதலில் தாம் துடுப்பெடுத்திருந்தால் முரளிதரன் இருமுறையும் தொடர்ந்தாற்போல் பந்துவீச வேண்டி வரலாம். இடையே தம் அணி நீண்ட நேரம் துடுப்பெடுத்தால் அவருக்கு ஓய்வு கிடைக்கும் என்பதே கணக்கு. ஆளை மாற்றவியலாத இடத்தில் காலத்தை மாற்றி அமைத்த சுழற்சிமுறை இது. இலங்கை பத்து விக்கெற்றுக்களால் வென்றது. இன்று வத்தேகமைக்கு அணித்தாகவுள்ள பல்லேகலையில், 2010 டிசம்பர் முதல் ரெஸ்ற் போட்டிகள் நடைபெறும் களமொன்றுண்டு.

மீண்டும் பாடசாலைக்கு வருவோம். வத்தேகமை கல்வி வலயத்தின் மலைச்சரிவுகளில் முப்பது மீற்றர் நீளமும் பதினைந்து மீற்றர் அகலமும் உடைய சமநிலம் காண்பது எளிதன்று. நிலம் கிடைத்தாலும் ஆட்கள் கிடைக்கவேண்டும். மாணவர் தொகை பெருகிய நகரப் பாடசாலை பன்னிருவரை நிறுத்தி, எதிரணியின் உயரத்துக்கு ஒருவரையும் வேகத்துக்கு ஒருவரையும் தெரிந்தெடுக்கலாம். சிறிய தோட்டப் பாடசாலைக்கு எட்டுப் பேர் வாய்த்தாலே பெரிது. அத்தகைய அணிக்குச் சுழற்சி என்பது வெளியிலிருந்து ஆளைக் கொணர்தலன்று. களத்திலுள்ள எழுவரின் எழுத்துக்களை இடைவேளையில் மாற்றி அணிவித்தலே. கோல் காப்பாளரைக் கோல் தடுப்பாளராகவும் பக்கத் தாக்குநரை மத்திய இடத்துக்கும் நகர்த்த விதி இடந்தருகின்றது. ஆகவே இரண்டு இடங்களில் ஆடத் தெரிந்த ஒரு மாணவி சிறிய பாடசாலைக்கு இரு மாணவியருக்குச் சமம். பெரிய பாடசாலை தனித்திறனை வளர்க்கின்றது. சிறிய பாடசாலை பல்திறனை வளர்க்க நிர்ப்பந்திக்கப்படுகின்றது. 1920க்கு முற்பட்ட கூடைப்பந்தாட்ட ஐவரின் நிலையும் இதுவே. விதியால் அவர்கள் அந்நிலையில் வைக்கப்பட்டனர். இவர்கள் எண்ணிக்கையால் வைக்கப்பட்டுள்ளனர்.

ஆஸ்திரேலியாவின் தொழில்முறை வலைப்பந்தாட்டத் தொடரில் 2020ஆம் ஆண்டு, ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கையிலேயே ஆளை மாற்றும் முறை புகுத்தப்பட்டது. தொலைவிலிருந்து எய்யும் கோலுக்குக் குறித்த நேரங்களில் இரு புள்ளி வழங்கும் விதியும் உடன் வந்தது. கூடைப்பந்தாட்டம் 1944-45இல் கடந்த வாயிலை வலைப்பந்தாட்டத்தின் ஒரு பகுதி இவ்வாறு கடந்துள்ளது. இம்மாற்றம் பொதுவிதியிலும் புகுந்து பாடசாலைகள்வரை வருமாயின், பன்னிருவரை உடைய அணிக்கும் எண்மரை உடைய அணிக்குமிடையேயான தொலைவு இன்னும் விரியும். பதினைந்து நிமிடம் பூட்டிய பெட்டி, பயிற்றுநரைக் கட்டிய அதே கயிற்றால், மடுல்கலை போன்ற இடங்களிலிருந்து வரும் சிறிய அணிகளைக் காத்தும் வந்துள்ளது.